படி, பேட்டா, உபகாரச் சம்பளம்

மே மாதம் நெருங்கினால் மதுரைக் கல்லூரி வளாகங்களில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் தமிழ்ச் சொற்களாகவே புழங்கத் தொடங்கிவிடும்: இன்டர்ன்ஷிப், ஸ்டைபண்ட். முன்னதை எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம். பின்னதைக் கேட்டால், "ஸ்டைபண்ட் எல்லாம் கிடையாதுப்பா, சர்டிபிகேட் தருவோம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், கல்லூரி முத்திரை, தினமும் நிரப்ப வேண்டிய லாக்புக், கடைசியில் ஒரு சான்றிதழ் என எல்லாம் முறைப்படி நடக்கும். போகவர பஸ் காசுக்கும் மத்தியானச் சோற்றுக்கும் யார் பொறுப்பு என்பது மட்டும் எந்தத் தாளிலும் இராது. அந்தக் காசுக்குத் தமிழில் என்ன பெயர்? உதவித்தொகையா, ஊக்கத்தொகையா, சம்பளமா, படியா? ஒவ்வொரு பெயரும் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதை வெவ்வேறு விதமாகச் சொல்கிறது. அதனால் பெயரை விசாரிப்பது வீண் வேலையல்ல.

ஸ்டைபண்ட் இலத்தீனிலிருந்து வந்தது. 'ஸ்டிப்ஸ்' என்றால் காசு. 'பெண்டெரே' என்றால் நிறுத்துக் கொடுப்பது. ரோமானியப் படைவீரனுக்கு அளந்து கொடுத்த காசு 'ஸ்டிபெண்டியம்'. பின்னால் அது பாதிரியாருக்கும் மாணவருக்கும் கொடுக்கும் நிலையான தொகைக்குப் பெயரானது. நம் நாட்டுச் சட்டத்தில் இந்தச் சொல் அழுத்தமாக உட்கார்ந்திருப்பது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில். பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே அவருக்குத் தருவதைச் சம்பளம் என்று சொல்லாமல் ஸ்டைபண்ட் என்று சொன்னது. ஆனால் தராமல் இருக்க முடியாது, குறைந்தது இவ்வளவு என்று விதி உண்டு. இன்டர்னுக்கு அப்படி ஒரு பொதுவான விதி இல்லை. அப்ரண்டிசுக்குச் சட்டம் இருக்கிறது, இன்டர்னுக்குச் சான்றிதழ் இருக்கிறது.

இத்தனைக்கும் இன்டர்ன் என்ற சொல்லுக்குள்ளேயே சோறும் தங்குமிடமும் இருந்தன. பிரெஞ்சில் 'எந்தேர்ன்' என்றால் உள்ளே இருப்பவர். பாரிஸ் மருத்துவமனைகளில் 1802இல் தொடங்கிய முறைப்படி, மருத்துவம் கற்கும் இளைஞர் மருத்துவமனைக்குள்ளேயே தங்கி வேலை பார்த்தார். உள்ளே இருந்ததால்தான் அந்தப் பெயர். தமிழில் இதற்கு உள்ளிருப்புப் பயிற்சி, உள்ளுறைப் பயிற்சி என்று பொருள் பிசகாமல் பெயர் வைத்தார்கள். மதுரை மருத்துவக் கல்லூரியின் ஹவுஸ் சர்ஜன்கள் அரசு இராசாசி மருத்துவமனையில் செய்வது இந்தப் பயிற்சியைத்தான். அவர்களுக்கு அரசு மாதாமாதம் பணம் தருகிறது. கலை, அறிவியல் கல்லூரி மாணவருக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்தபோது 'உள்ளிருப்பு' போய்விட்டது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் காலை பஸ் பிடித்து வந்து மாலை திரும்புகிறவரையும் இன்டர்ன் என்கிறோம்.

நம் தாத்தாக்கள் காலத்துப் பத்திரிகைகளில் ஸ்காலர்ஷிப்புக்கு 'உபகாரச் சம்பளம்' என்று எழுதினார்கள். பென்ஷனுக்கும் அதே பெயர் வழங்கியது. 1944இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களுக்கென்று மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவியைத் தொடங்கிய காலத்தில் இந்தப் பெயர்தான் புழக்கத்தில் இருந்தது. பிறகு தனித்தமிழ் உணர்வு வளர, உபகாரம் 'உதவி' ஆயிற்று, சம்பளம் 'தொகை' ஆயிற்று, கல்வி உதவித்தொகை பிறந்தது. இலங்கைத் தமிழர் வேறு வழியில் போய் 'புலமைப்பரிசில்' என்று வைத்தார்கள். புலவர் மன்னனைப் பாடிப் பெற்ற பரிசிலின் நினைவு அந்தச் சொல்லில் இருக்கிறது. கேட்கவும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பரிசில் தகுதிக்கு வருவது, தேவைக்கு வருவதல்ல.

உபகாரச் சம்பளம் போனதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உபகாரம் போகட்டும், சம்பளத்தை விட்டிருக்கக் கூடாது. சம்பளம் என்ற சொல்லுக்குச் சம்பா நெல்லையும் அளம் என்கிற உப்பையும் சேர்த்து விளக்கம் சொல்வது நம்மிடையே பரவலான வழக்கு. மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் இந்தப் பக்கம் நின்றவர். தானியமாகிய கூலம் கொடுத்ததால் 'கூலி', நெல்லும் உப்பும் கொடுத்ததால் 'சம்பளம்' என்பது அந்த விளக்கம். பாவாணரின் கடைசி மேடை மதுரையில்தான் அமைந்தது. 1981 சனவரியில் இங்கே நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் பேசியபின் உடல் நலிந்து இந்த ஊரிலேயே மறைந்தார். அவர் மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இந்த ஒரு சொல்லில் எனக்கு மறுபக்கமே வலுவாகத் தெரிகிறது. வடமொழியிலும் பாலியிலும் 'சம்பல' என்றொரு சொல் உண்டு. வழிப்பயணத்துக்குக் கட்டி எடுத்துப் போகும் உணவு என்பது அதன் பொருள். கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் சம்பளம் இருக்கிறது. ஒரு நெல்வகையின் பெயரிலிருந்து வந்த சொல் இத்தனை மொழிகளில் ஒரே பொருளில் பரவியிருக்கும் என்று கொள்வதைவிட, வழியுணவு மெல்ல வேலைக்கான உணவாகி, உணவு காசாகியது என்று கொள்வது இயல்பாக இருக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று மாறவில்லை: சம்பளத்தின் அடியில் இருப்பது சோறு.

வழியுணவுக்குத் தமிழிலேயே அழகான பழஞ்சொல் உண்டு: ஆற்றுணா. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூற்றில் இந்தச் சொல் வரும். நன்றாகக் கற்றவருக்கு எந்த நாடும் சொந்த நாடுதான், ஆகவே அவர் வழிக்குச் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது அந்தப் பாட்டின் கருத்து. மேடைகளில் கல்வியின் பெருமைக்காக அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. ஆனால் அது கற்று முடித்தவரைப் பற்றியது. கற்கப் போகிற பையனுக்கும் பெண்ணுக்கும் ஆற்றுணா கட்டாயம் வேண்டும். அதை யார் கட்டித் தருவது என்பதே நம் கேள்வி.

இனி 'படி'. அரசு அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்: பயணப்படி, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. தானியம் அளக்கிற படியேதான் இது. கோயிலில் அன்றாடம் அளந்து கொடுக்கும் முறைக்குப் 'படித்தரம்' என்று பெயர். மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்கழித் தேய்பிறை அட்டமியில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சப்பரத்தில் வெளிவீதிகளைச் சுற்றி வருவார்கள். உலகத்து உயிர்களுக்கெல்லாம் படியளக்கும் நாள் அது. அம்மன் சப்பரத்தைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். வழி நெடுக அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள். தார் ரோட்டில் விழுந்த அந்த அரிசியைக் குனிந்து பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய் வீட்டு அரிசிப் பானையில் போட்டுவைக்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். எறும்புக்கும் படி உண்டு என்பது அந்த விழாவின் பொருள். அங்கே யாரும் எறும்பின் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை.

டிரைவருக்கும் தேர்தல் வேலைக்குப் போகிறவருக்கும் தெரிந்த 'பேட்டா'வும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்த கூடுதல் தொகை அது. 1766இல் கிளைவ் இரட்டை பேட்டாவை நிறுத்தியபோது வங்காளத்து ஆங்கில அதிகாரிகளே கலகம் செய்தார்கள். கன்னடத்தில் நெல்லுக்குப் 'பத்த' என்று பெயர். அதிலிருந்தே பேட்டா வந்திருக்கலாம் என்பது ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி தரும் விளக்கங்களுள் ஒன்று.

இப்போது வரிசை தெளிவாகிவிடுகிறது. கூலி, சம்பளம், படி, பேட்டா நான்கிலும் தானியமோ சோறோ இருக்கிறது. வேலைக்கு வந்தவன் சாப்பிட வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. உதவித்தொகையில் கொடுப்பவரின் நல்ல மனம் இருக்கிறது. ஊக்கத்தொகையில் வாங்குபவரின் சுறுசுறுப்பு இருக்கிறது. சோறு இல்லை.

படிக்கிறவருக்குப் படியளப்பது நமக்குப் புதிதும் அல்ல. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து, எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் அன்றாடம் எவ்வளவு நெல் என்று கணக்கு எழுதியிருக்கிறது. இளைய மாணவருக்கு ஆறு நாழி, மூத்த மாணவருக்கு அதைவிடக் கூடுதல். செலவுக்கு 45 வேலி நிலம். அதற்கும் முன்னால், 866இல், ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் சட்டர்கள் எனப்பட்ட மாணவர்கள் 95 பேருக்குச் சாலை வைத்துச் சோறு போட்டான். அங்கெல்லாம் படித்தவர்கள் பிராமண மாணவர்கள் மட்டுமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படிப்பவனுக்குச் சோற்றுக் கணக்குத் தனியாக இருக்க வேண்டும் என்ற அறிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் இருக்கிறது. இன்று எல்லாப் பிள்ளைகளும் கல்லூரிக்கு வருகிறார்கள், கணக்கைக் காணவில்லை.

'ஊதியமில்லாப் பயிற்சி' என்று ஒரு தொடரை இப்போது எழுதுகிறோம். வள்ளுவரிடம் ஊதியம் என்றால் கூலி அல்ல, ஆதாயம். தெரிந்துசெயல்வகையின் முதல் குறளிலேயே, ஒரு காரியத்தில் இறங்குமுன் கைவிட்டுப் போவது, கைக்கு வருவது, பின்னால் கிடைக்கும் ஊதியம் மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். அந்தப் பொருளில் நல்ல பயிற்சி எதுவும் ஊதியமில்லாதது ஆகாது. சிக்கல் கைவிட்டுப் போவதில்தான் இருக்கிறது. கோடை விடுமுறையில் எத்தனையோ மாணவர்கள் கேட்டரிங் ஆட்களோடு போய்க் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறார்கள். ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறார்கள். விடிகாலையில் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிறார்கள். அடுத்த பருவக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தக் காசு. பயிற்சிக்குப் போகும் மாணவர் பஸ் செலவை மட்டும் இழக்கவில்லை, இந்த வருமானத்தையும் இழக்கிறார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சென்னைக்குப் போய் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் பழகிவிட்டு வரும்போது, பந்தி பரிமாறியவரின் தன்விவரக் குறிப்பில் அந்த இடம் காலியாக இருக்கும். திறமையில் இருவருக்கும் வித்தியாசம் இருந்திராது.

அரசுத் திட்டங்கள் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் தகுதியுள்ள மாணவருக்கு மாதம் ரூ.1,000 தருகின்றன. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் இருக்கிறது. இவை பெரிய ஆறுதல். பல பெண்கள் கல்லூரியில் நிற்பதே இவற்றால்தான். 2024இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் ரூ.5,000 என்று அறிவிக்கப்பட்டது, ஆனால் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர் அதில் சேர முடியாது என்பது அப்போதைய விதி.

இந்தப் பேச்சில் மதுரையின் பெயர் ஓர் உத்தரவிலும் வந்தது. இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது ரூ.20,000, பிற இடங்களில் ரூ.15,000 ஸ்டைபண்ட் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. காசு கொடுக்காமல் வேலை வாங்குவது சுரண்டல் என்பது அதன் நிலைப்பாடு. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கையும் அனுப்பியது. "சீனியர்கிட்ட தொழில் கத்துக்கிட்டா போதும்" என்ற பழைய பேச்சுக்கு அது ஒரு முடிவு கட்டியது, காகிதத்திலாவது.

பயிற்சி தரும் அலுவலகம் எப்போதும் பணம் தர முடியாது என்பதும் உண்மை. ஒரு தொண்டு நிறுவனம், ஒரு சின்னப் பதிப்பகம், ஒரு கிராமத்து நூலகம் என்றால் தருவதற்கே அங்கே ஒன்றும் இராது. அந்த இடங்களில்தான் பெரும்பாலும் நல்ல பயிற்சியும் கிடைக்கிறது. அங்கே கல்லூரி குறுக்கே வர வேண்டும். அமெரிக்காவில் ஸ்மித் என்ற மகளிர் கல்லூரி 'ப்ராக்சிஸ்' என்ற பெயரில் இதைச் செய்துவருகிறது. சம்பளமில்லாத கோடைப் பயிற்சிக்குப் போகும் மாணவிக்குப் படிப்புக் காலத்தில் ஒருமுறை கல்லூரியே தொகை தருகிறது. பாடத்திட்டத்தில் பயிற்சியைக் கட்டாயமாக்கியது கல்லூரி என்றால் அதற்கான வழிச்சோறும் கல்லூரியின் பொறுப்புதானே?

நம் ஊர்க் கணக்கு ஒன்று போடலாம். நாளைக்கு ரூ.100 வீதம் 30 நாளுக்கு ஒருவருக்கு ரூ.3,000. ஒரு துறையில் 40 பேர் என்றால் ரூ.1,20,000. அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் 1978இலேயே தன்னாட்சி பெற்றவை. தியாகராசர் கல்லூரி 1949இலிருந்து நடக்கிறது. மூன்றிலும் படித்தவர்கள் உலகமெங்கும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். முன்னாள் மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் திரட்டுவதில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கலாம்.

அதற்குப் 'பயிற்சிப்படி' என்று பெயர் வையுங்கள். உதவித்தொகை என்றால் விண்ணப்பமும் வருமானச் சான்றும் நன்றி சொல்லும் கூட்டமும் கூடவே வந்துவிடும். படி என்றால் யாரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பயணப்படி வாங்கும் பேராசிரியர் யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை. கல்லூரி ஆட்சிக்குழுவில் இருப்பவர்கள் அடுத்த நிதியாண்டு வரவு செலவுத் திட்டத்தில் இந்தப் பெயரில் ஒரு வரி சேர்க்க வேண்டும். முதல் ஆண்டு ஒரு துறைக்கு மட்டும் என்றாலும் சேருங்கள்.