சென்னை ஸ்காட்லாந்து மிஷன் சபை

சென்னையிலும் செங்கல்பட்டு வட்டாரத்திலும் பிரெஸ்பிட்டேரியன் நெறியை வேரூன்றச் செய்த சபை. 1947 வரை அதற்குப் பேராயர் கிடையாது, சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களே நிர்வாகம் பார்த்தார்கள். எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயம் இந்நகரில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக எழுந்தது. ஊர்மக்களிடையே மிஷன் பணி, ஜான் ஆண்டர்சன் 1837இல் ஆர்மேனியன் தெருவில் பள்ளி நடத்தத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது.

ஆங்கிலக் கல்வியால் உயர்சாதி இளைஞர்களை ஈர்ப்பதே ஆண்டர்சனின் திட்டம். அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. தீண்டப்படாதவர்களாகக் கருதப்பட்ட பறையர் சிறுவர் இருவர் பள்ளியில் படிப்பது தெரிந்து, அவர்களை வெளியேற்றும்படி பெற்றோர் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்; பல பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள். இச்சபையின் வரலாற்றில் ஆலயம் கட்டியதைவிட இந்த மறுப்பே பெரிய நிகழ்வு. 1841இல் ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு ஆகிய மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது பள்ளி மீண்டும் வெறிச்சோடியது. மூவரும் பின்னாளில் சபையின் போதகர்களானார்கள். ஸ்காட்லாந்திலிருந்த தாய்ச்சபை 1843இல் பிளவுபட்டபோது ஆண்டர்சன் பிரிந்துசென்ற ஃப்ரீ சர்ச் பக்கம் நின்றார். அவர் வளர்த்த பள்ளி வில்லியம் மில்லர் காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியானது.

உயர்சாதியாரை நாடிவந்த மிஷன், நூற்றாண்டின் கடைசியில் வேறு மக்களிடம் போய்ச் சேர்ந்தது. செங்கல்பட்டுக் கிராமங்களில் ஆடம் ஆண்ட்ரூ நிலமற்ற பறையர் குடும்பங்களுக்கு நிலம் வேண்டுமெனப் போராடினார். வடசென்னையில் எளிய மக்களிடையே பணியைத் தொடங்கியவர் ஒரு பெண் மருத்துவர். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளப் பெண்கள் தயங்கிய காலத்தில், 1888இல் வந்த மெட்டில்டா மெக்ஃபெய்ல் சிறிய மருந்தகத்தோடு ஆரம்பித்தார். அது 1914இல் ராயபுரத்தில் முழு மருத்துவமனையாக எழுந்தது. சபையின் மகளிர் மிஷனுக்குப் பெரிதும் உழைத்த கிறிஸ்டினா ரெய்னியின் பெயர் அதற்கு இடப்பட்டது. துறைமுகத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டி வாழ்ந்த உழைக்கும் மக்களுக்கு அது ‘ரெய்னி ஆஸ்பத்திரி’. பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயரையே கேட்டறியாதவர்களும் அந்தப் பெயரை அறிவார்கள்.

சபை 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தது. பேராயர் முறையை அப்போது ஏற்றுக்கொண்டது. காஞ்சிபுரத்தில் இந்த மிஷனின் ஊழியராயிருந்த லெஸ்லி நியூபிகின் அவ்வாண்டே மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராகப் பணியாற்றினார்.