சுஹைலுக்குக் கீழே என்ன இருக்கிறது? தென்வானத்தின் மேகங்களும் நட்சத்திரக் கொத்துகளும்

"மகெல்லன் மேகத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் முஸ்லிம் விஞ்ஞானி அஸ்ஸூஃபி" என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது சுற்றி வருகிறது. நாமும் ஒரு காலத்தில் அதை அப்படியே பலருக்கு அனுப்பியிருக்கிறோம். மூலத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் (கி.பி. 903–986) வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964-ல் நிலையான நட்சத்திரங்களைப் பற்றிய தமது நூலை எழுதினார். சுஹைல் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு தகவலைக் குறிப்பிடுகிறார். சுஹைலுக்குக் கீழே அதன் பாதங்கள் எனப்படும் நட்சத்திரங்கள் உண்டென்றும், அவற்றுக்கும் கீழே ஒளிமிக்க வெண்ணிற நட்சத்திரங்கள் உண்டென்றும் அரபிகளில் சிலர் சொல்கிறார்கள். அவை இராக்கிலோ நஜ்திலோ தெரியாது. திஹாமா மக்கள் அவற்றை "பகர்", அதாவது மாடுகள் என்கிறார்கள். தாலமி இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இது உண்மையா பொய்யா என்பது அறியப்படவில்லை என்று முடித்துவிடுகிறார். அவர் குறிப்பிடுவது நட்சத்திரங்களை, மேகத்தை அல்ல. அதையும் தாம் கண்டதாகச் சொல்லவில்லை. 1899-ல் வெளியான ரிச்சர்ட் ஹின்க்லி ஆலனின் நட்சத்திரப் பெயர் நூல்தான் இதைப் பெரிய மகெல்லன் மேகத்தோடு இணைத்தது. அங்கிருந்து நம் கைபேசிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அஸ்ஸூஃபிக்குப் பெருமை சேர்க்க இந்தக் கதை தேவையே இல்லை. இன்று ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் என்று அறியப்படுவதை ஒரு சிறு மேகமாக எழுத்தில் பதிந்தவர் அவர். அது வடவானத்தின் செய்தி. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதிய அவருடைய நேர்மையை விட்டுவிட்டு, அவர் சொல்லாததை அவர் பெயரில் பரப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அது ஒருபுறமிருக்க, தென்பகுதியின் பூர்வகுடிகள் இந்த மேகங்களை எத்தனையோ தலைமுறைகளாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். மகெல்லனின் 1519–1522 கடற்பயணத்தில் சென்ற பிகாஃபெட்டா எழுதி வைத்ததால் ஐரோப்பாவில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, சுஹைலுக்குக் கீழே உண்மையில் என்ன இருக்கிறது? சுஹைல் என்பது நம் தமிழில் அகத்தியர் நட்சத்திரம். சிரியஸுக்கு அடுத்து வானில் மிகப் பிரகாசமானது. அதற்கும் தெற்கே, சிட்னியிலோ கேப் டவுனிலோ இருட்டான இடத்தில் நின்று பார்த்தால், பால்வீதியிலிருந்து பிய்த்துப் போட்டதுபோல இரண்டு வெண்ணிறத் திட்டுகள் தெரியும். பெரியது சுமார் 1,60,000 ஒளியாண்டுகள் தொலைவிலும், சிறியது சுமார் 2,00,000 ஒளியாண்டுகள் தொலைவிலும் உள்ளன. இரண்டும் மேகங்கள் அல்ல, தனித்தனி விண்மீன் திரள்கள். சிட்னியிலிருந்து பார்த்தால் பெரிய மேகம் ஆண்டின் எந்த நாளும் அடிவானத்துக்குக் கீழே போவதில்லை.

பெரிய மேகத்தின் ஓரத்தில் பைனாகுலருக்கே எட்டும் ஒரு புகைத்திட்டு உண்டு. டரான்டுலா நெபுலா என்பார்கள். புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் இடம் அது. அதன் அருகில்தான் 1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறியது. வெறும் கண்ணுக்கே தெரிந்த அந்த வெடிப்பை வடக்கே ஐரோப்பாவில் இருந்தவர்களால் பார்க்க முடியவில்லை.

சிறிய மேகத்தின் பக்கத்திலேயே 47 டுகானே இருக்கிறது. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு நட்சத்திரம்; தொலைநோக்கியில் சர்க்கரையைக் கொட்டியதுபோல நெருங்கிய நட்சத்திரக் கொத்து. இந்த வகையில் இதைவிடப் பெரியது ஒமேகா சென்டாரி. தாலமி அதை நட்சத்திரமாகவே பட்டியலிட்டார். எட்மண்ட் ஹாலி 1677-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்தபோதுதான் அது சாதாரண நட்சத்திரமல்ல என்று தெரிந்தது. சுமார் 17,000 ஒளியாண்டுகள் தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் அதில் திரண்டிருக்கின்றன. அதன் நடுவில் சூரியனைப்போல் குறைந்தது 8,200 மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளை இருப்பதற்கான சான்றை 2024-ல் ஹப்பிள் படங்களிலிருந்து எடுத்தார்கள். ஒரே ஒரு பொருளைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட நேரமிருக்கிறது என்றால் நாம் இதைத்தான் காட்டுவோம்.

கரீனா நெபுலாவுக்கு வேறு கதை. அதனுள் இருக்கும் ஈட்டா கரீனே என்ற நட்சத்திரம், ஜான் ஹெர்ஷல் கேப் டவுனில் தங்கி (1834–1838) ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, 1837 டிசம்பரில் திடீரென்று ஒளி கூடியது. 1843-ல் சுஹைலையே மிஞ்சி, சிரியஸுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. பிறகு மங்கிப்போய், இன்று கண்ணுக்குத் தெரியும் ஒரு சாதாரண நட்சத்திரமாக நிற்கிறது. நெபுலா பைனாகுலரில் அழகாகத் தெரியும்.

தென் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்தின் அருகே இரண்டு பொருட்கள் உள்ளன. ஒன்று "நகைப்பெட்டி" எனப்படும் சிறு கொத்து. லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1750-களின் தொடக்கத்தில் கேப்பிலிருந்து பதிவு செய்தது. நகையோடு ஒப்பிட்டவர் ஹெர்ஷல். மற்றது வெளிச்சமே இல்லாத ஒன்று. "நிலக்கரி மூட்டை" எனப்படும் அந்தத் தூசிமண்டலம் பின்னாலுள்ள நட்சத்திரங்களை மறைப்பதால், பால்வீதியில் ஓட்டை விழுந்ததுபோல் தெரிகிறது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலருக்கு அது வானத்து ஈமு பறவையின் தலை. நட்சத்திரங்களைக் கோடிட்டு உருவம் பார்ப்பதே நமக்குப் பழக்கம். அவர்கள் இருட்டில் உருவம் கண்டிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் விமானம் ஏறத்தான் வேண்டுமா? முழுவதையும் உயரத்தில் பார்க்க வேண்டுமானால் ஆம். ஆனால் கீழக்கரை போலத் தெற்கே கடல் திறந்திருக்கும் ஊர்களில் இருப்பவர்கள் பாதி பாக்கியசாலிகள். அங்கே ஒமேகா சென்டாரி மே மாத நடுவில் இரவு 10 மணியளவில் தெற்கே சுமார் 33 பாகை உயரத்தில் நிற்கும். நீட்டிய கையின் முஷ்டி ஏறத்தாழ 10 பாகை என்று வைத்துக்கொண்டால், கடலிலிருந்து மூன்று முஷ்டிக்குச் சற்று மேலே. கரீனா நெபுலாவை ஏப்ரலில் இரவு 9 மணிக்குப் பார்க்கலாம். பெரிய மகெல்லன் மேகம் ஜனவரிக் கடைசியில் இரவு 9 மணிவாக்கில் ஒரு முஷ்டி உயரத்துக்கு மட்டுமே வரும். கடல்மேல் மூட்டம் இல்லாத, ஊர் விளக்கு கண்ணில் படாத இரவு வேண்டும். சென்னையில் அது அதைவிடத் தாழ்வு. நகர வெளிச்சத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

நாள் பார்ப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. நிலவொளி இந்தப் பொருட்களை அழித்துவிடும். பிறை 25-க்குப் பிறகும், புதிய பிறையின் முதல் மூன்று நான்கு நாட்களிலும் வானம் போதிய அளவு இருட்டாக இருக்கும். ஹிஜ்ரி நாட்காட்டி வீட்டுச் சுவரில் தொங்கினால் வேறு பஞ்சாங்கம் தேவையில்லை. திசைக்கும் அப்படியே: தமிழகத்திலும் சிட்னியிலும் கிப்லாவை நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் ஏறத்தாழத் தெற்கு. ஜோஹன்னஸ்பர்க்கில் கிப்லா வடக்கு-வடகிழக்காக இருப்பதால் தென்வானம் முதுகுப்புறம் வரும். அங்குள்ள நம் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொலைநோக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். 10x50 பைனாகுலர் ஒன்று போதும். இஷா தொழுதுவிட்டு வெளியே போய், கைபேசியை அணைத்து 20 முதல் 30 நிமிடம் இருட்டில் இருங்கள்; அப்போதுதான் கண் முழுமையாகப் பழகும். டார்ச் தேவையென்றால் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இணையத்தில் பார்க்கும் சிவப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரியாது. அவை கேமரா நெடுநேரம் ஒளியைச் சேகரித்து எடுத்தவை. நம் கண்ணுக்குக் கிடைப்பது சாம்பல் நிற ஒளி மட்டுமே. பெரிய மகெல்லன் மேகத்திலிருந்து அந்த ஒளி புறப்பட்டு 1,60,000 ஆண்டுகள் ஆகின்றன.