பள்ளிப்படை: சொல்லும் கோயிலும்

பள்ளி என்னும் சொல் படுத்துறங்கும் இடத்தைக் குறிப்பதைப் பள்ளியறை, பள்ளியெழுச்சி ஆகிய வழக்குகள் காட்டுகின்றன. சமணத் துறவியரின் உறைவிடங்கள் அப்பெயர் பெற்று, அங்கே கல்வி நடந்தமையால் பாடசாலைக்கும், பிற்காலத்தில் இசுலாமியரின் பள்ளிவாசலுக்கும், மலையாள வழக்கில் கிறித்தவத் தேவாலயத்துக்கும் அச்சொல் பரவிற்று. இறந்த அரசரை அடக்கம் செய்வது பள்ளிப்படுத்தல் எனப்பட்டது. அரசகுலத்தார் ஒருவரின் நினைவாக எழுப்பிய கோயில் பள்ளிப்படை ஆயிற்று.

சாவைத் துயிலாகக் கருதிய இம்மரபு, குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்னும் சங்ககாலப் பெயரிலேயே உள்ளது. ஆனால் அக்காலத்து அரசனுக்குக் கோயில் எழவில்லை. இன்றைய தருமபுரிப் பகுதியான தகடூர் நாட்டை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நடுகல்லே நடப்பட்டதையும், அதற்குப் பீலி சூட்டி, வடித்த கள் படைத்ததையும் ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு கூறுகிறது. தருமபுரி வட்டாரத்தில் பிற்கால நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. வீரன் கல்லாகி, கல் தெய்வமாகும் இந்த வழியே, பெருங்கற்றளிகள் எழுந்த சோழர் காலத்தில் பள்ளிப்படையாக வளர்ந்தது என்று கொள்வது பொருந்தும்.

மேல்பாடியில் முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எடுத்த அரிஞ்சிகை ஈச்சரத்தின் கல்வெட்டு, அதனை ஆற்றூர்த் துஞ்சின தேவருக்குரிய பள்ளிப்படை என்றே குறிக்கிறது. துயிலைக் குறிக்கும் இரு சொற்களும் அங்கே ஒருசேர நிற்கின்றன. பழையாறைப் பகுதியில் முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னைக்கு எடுத்த பஞ்சவன் மாதேவீச்சரமும் இவ்வகையினதே. இவற்றின் அமைப்போ வழக்கமான சிவன் கோயிலின் அமைப்பு: கருவறையில் இலிங்கம், மேலே விமானம், இறந்தவரின் உருவம் மூலத்தானத்தில் இல்லை.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் 1503இல் தொடங்கப்பட்ட ஏழாம் ஹென்றியின் வழிபாட்டுக்கூடம் இதற்கு நேர்மாறானது. கூர்முனை வளைவுகளாலும் உயர்ந்த சாளரங்களாலும் ஆன கோத்திக் பாணியின் இறுதிக் கட்டத்தைச் சேர்ந்த அக்கூடத்தின் கற்கூரை விசிறிகளாக விரிந்து தொங்க, அதன் கீழ் அரசனும் அரசியும் பொன்முலாம் பூசிய வெண்கல உருவங்களாகப் படுத்திருக்கின்றனர். அங்கே உலோகத்தில் வடித்த துயிலைத் தமிழர் சொல்லில் மட்டும் வைத்தனர். கடவுளுக்குரிய இடத்தில் மனிதனின் உருவத்தை நிறுத்தாத அந்த அடக்கம் போற்றத்தக்கது.

மேல்பாடிக் கோயில் இன்று சோளேசுவரர் கோயில் என வழங்குகிறது. அங்குச் செல்வோர் அது அரிஞ்சயனின் பள்ளிப்படை என்பதையும் அறிந்து செல்ல வேண்டும்.