பியூர் டிரைவும் புரோ ஸ்டாஃபும்

நுங்கம்பாக்கத்தில் 2004, 2005 என அடுத்தடுத்து சென்னை ஓப்பனை வென்ற கார்லோஸ் மோயாவின் ஆயுதம் பபோலாட் பியூர் டிரைவ் டென்னிஸ் மட்டை. 1998இல் பிரெஞ்சு ஓப்பனையும் அதை வைத்துத்தான் வென்றார். வில்சன் புரோ ஸ்டாஃப் என்றால் ஃபெடரர். அவரும் 2014இல் 90 சதுர அங்குலத் தலையை விட்டு 97க்கு வந்துவிட்டார். மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஆபீஸ் முடிந்து ஆட வருபவர் இவற்றில் எதை வாங்கலாம்?

நரம்பு கட்டாத பியூர் டிரைவ் 300 கிராம், தலை 100 சதுர அங்குலம். புரோ ஸ்டாஃப் 97இன் எடை 315 கிராம். இந்த வித்தியாசம் கைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆட்டத்தை மாற்றுவது சட்டத்தின் தடிமன்: முன்னதில் பருத்த இடத்தில் 26 மி.மீ., பின்னதில் 21.5 மி.மீ. மெல்லிய சட்டம் பந்து பட்டதும் வளைகிறது. அது நிமிர்வதற்குள் பந்து போய்விடுவதால் வளைவில் செலவான விசை வீண்தான். விறைப்பான சட்டத்தில் அந்த இழப்பு குறைவு.

ஓடிப்போய் எட்டிப் பிடித்து, கையைப் பாதிதான் வீச முடிந்த பேக்ஹேண்டில் இது பளிச்சென்று தெரியும். பியூர் டிரைவில் அந்தப் பந்து பேஸ்லைன் பக்கம் போய் விழும். புரோ ஸ்டாஃபில் சர்வீஸ் கோட்டருகே விழுந்து, எதிராளியை முன்னால் வரவழைக்கும். ஆனால் முழுக்கையும் வீசி ஃபோர்ஹேண்டைத் தட்டையாக அடித்தால், பியூர் டிரைவில் பந்து கோட்டைத் தாண்டிவிடும். டாப்ஸ்பின் போட்டே ஆக வேண்டும். ஸ்லைஸுக்கும் வாலிக்கும் புரோ ஸ்டாஃபே கை சொன்னபடி கேட்கிறது.

மும்பையின் ஈரக்காற்றில் பந்தின் மேலுள்ள ரோமம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். மழைக்கால மாலைகளில் பியூர் டிரைவின் உதவி நன்றாகவே தெரியும். ஆனால் கனத்த பந்து, விறைத்த சட்டம், பாலியஸ்டர் நரம்பு மூன்றும் சேர்ந்தால் முழங்கைக்கு ஆபத்து. மல்டிஃபிலமென்ட் நரம்பை 50 பவுண்டு அளவில் கட்டச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டினால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தளர்வான கட்டுதான் பந்தைத் தூரம் அனுப்பும்.

வாரம் இரண்டு நாள் ஆடும் நாற்பது வயதுக்காரருக்கு நான் தயங்காமல் சொல்வது பியூர் டிரைவ். வீச்சைக் கற்றுக்கொள்ளும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கித் தர மாட்டேன். 2017இல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் மும்பை ஓப்பனை வென்ற சபலென்காவின் அடி, காலிலும் இடுப்பிலும் தோளிலும் பிறக்கிறது. பாதி வீச்சுக்கே பந்து ஆழமாகப் போகும் மட்டை கையில் இருந்தால், மீதிப் பாதியைப் பிள்ளை பழகவே பழகாது.