ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுப்பு

இரத்தக்குழாய்களுக்குள் இரத்தத்தை உறையவைக்கும் தன்னெதிர்ப்பு நோய். தனித்தும் வரும்; லூபஸ் என்னும் மற்றொரு தன்னெதிர்ப்பு நோயுடன் சேர்ந்தும் வரும். ஹியூஸ் நோய் என்றும் அழைப்பர். பக்கவாதம், வலிப்பு, தானாகக் கைகால் துள்ளும் கொரியா, தண்டுவட அழற்சி, அடுத்தடுத்த கருச்சிதைவு ஆகியவை இதனால் நேரலாம்.

வரலாறு: இந்நோயின் முதல் தடயம் வேறொரு நோய்க்கான சோதனையில் பிழையாகத் தென்பட்டது. 1906இல் ஜெர்மனியில் வாசர்மான் குழுவினர் சிபிலிஸ் என்னும் மேகநோய்க்கு இரத்தச் சோதனை கண்டனர். அதற்குப் பின்னர் மாட்டு இதயச் சாறு பயன்பட்டது. அச்சாற்றில் வினைபுரியும் கொழுப்புப் பொருளை 1941இல் மேரி பாங்போர்ன் பிரித்தெடுத்தார். இதயத்தில் கிடைத்ததால் அது கார்டியோலிப்பின் எனப்பட்டது. மேகநோயே இல்லாத சிலருக்கும் சோதனை ‘உண்டு’ என்றது; அவர்கள் இரத்தத்தில் கார்டியோலிப்பினைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் இருந்ததே காரணம். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் லூபஸ் வந்ததை 1950களில் மருத்துவர்கள் கவனித்தனர்.

1952இல் கான்லியும் ஹார்ட்மனும் லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் உறைதலைத் தடுக்கும் பொருள் இருப்பதைக் கண்டனர். 1972இல் அதற்கு ‘லூபஸ் உறைவெதிர்ப்பி’ என்று பெயர் வந்தது. பெயர் சோதனைக்குழாய்க்கே பொருந்தும்: அங்கே உறையத் தாமதிக்கும் இரத்தம், உடலுக்குள் வேண்டாத இடத்தில் கட்டிக்கொள்ளும். 1965இல் பிரிட்டன் தோல் மருத்துவர் ஸ்னெடன், தோலில் வலைபோல் படரும் ஊதாக் கோடுகளும் பக்கவாதமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதை விவரித்தார். இத்தகைய நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் இதே எதிர்ப்பொருள்கள் இருப்பது பின்னர் தெரிந்தது.

சிதறிக் கிடந்த இவற்றை 1983இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரகாம் ஹியூஸ் குழுவினர் ஒரே நோயாகக் கோத்தனர். கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளை நுட்பமாக அளக்கும் சோதனையை அதே ஆண்டு நைஜல் ஹாரிஸ் முதலியோர் வெளியிட்டனர். எதிர்ப்பொருள்கள் கொழுப்பை நேராகப் பற்றாமல், பெரும்பாலும் அதனோடு ஒட்டிய பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் 1 என்னும் புரதத்தைப் பற்றுகின்றன என்பது 1990இல் தெளிவாயிற்று.

மருத்துவம்: இரத்தம் கட்டியவர்களுக்கு உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து நெடுநாள் தரப்படுகிறது; கர்ப்பிணிகளுக்கு வார்ஃபரின் ஆகாது என்பதால் ஹெப்பாரினும் சிறு அளவு ஆஸ்பிரினும். தொற்றுநோயின்போதும் இந்த எதிர்ப்பொருள்கள் தோன்றி மறையும். அதனால் ஒரு சோதனையை மட்டும் நம்புவதில்லை. குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் இருந்தால்தான் நோய் என்பது 2006 முதல் வழக்கில் உள்ள விதி.