ஒருவருக்கே உரிய பெயர்

தமிழகத்துச் சீர்திருத்த மேடைகளிலே 'கமால் பாட்சா' என்ற பெயர் ஓங்கி ஒலித்த காலம் ஒன்று உண்டு. மதபீடத்தை அரசியலினின்று விலக்கியவர், பழமைக் கோட்டையைத் தகர்த்தவர் என்று அவரைப் போற்றினோம். பெரியார் 1931ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கி 1932இல் முடித்த அயல்நாட்டுப் பயணத்திலே துருக்கியையும் கண்டு வந்தார். இசுலாமியத் தோழர்கள் பலர் தம் செல்வங்களுக்குக் 'கமால் பாட்சா' என்றே பெயர் சூட்டி மகிழ்ந்தனர்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 'பாட்சா' என்பது பெயரன்று, பட்டம். நாம் ஆசையோடு பேணிவந்த அந்தப் பட்டத்தை, துருக்கி நாட்டுச் சட்டமன்றம் 1934இல் களைந்தெறிந்தது. அதற்கு இரண்டே நாள் முன்னதாக அவருக்கு வழங்கப்பட்ட குடும்பப் பெயரோ, வேறு எவரும் தாங்க இயலாத பெயர்! குடும்பப் பெயர் என்றால் குடும்பத்தார் அனைவர்க்கும் உரியதன்றோ? ஒருவருக்கு மட்டுமே உரிய குடும்பப் பெயரும் உண்டோ? உண்டு. 'அத்தாதுர்க்' என்பது அந்தப் பெயர்.

உதுமானியப் பேரரசின் நாள்களிலே, அங்கு வாழ்ந்த முசுலிம் மக்களில் பெரும்பாலோர்க்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன், இன்ன ஊரான், இன்ன தொழிலான் என்பதே அடையாளம். ஒரே ஊரில் பத்து அகமதுகள் இருந்தால் வரி தண்டுபவன் திகைப்பான். படைக்கு ஆள் எடுப்பவன் தடுமாறுவான். ஆனால் மேலிடத்தாருக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. பாட்சா, பே, எஃபெந்தி, ஆகா என்று பெயருக்குப் பின்னே பட்டங்கள் தொடர்ந்தன. எளியவன் தந்தையின் பெயரால் அறியப்பட்டான். வலியவன் பட்டத்தால் அறியப்பட்டான்.

கமாலின் பெயரையே எடுத்துப் பாருங்கள். 1881இல் சலோனிக்கா நகரிலே பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் முஸ்தபா. 'நிறைவு' எனப் பொருள்படும் கமால் என்பது, கணக்கு ஆசிரியர் ஒருவர் சேர்த்தது என்பர். பாட்சா என்பது படைத்தலைமை தந்த பட்டம். காஜி என்பது 1921இல் சக்கார்யாப் போர் வெற்றிக்காகச் சட்டமன்றம் அளித்த விருது. பெற்றோர், ஆசிரியர், படை, மன்றம் என்று நால்வர் தந்த நான்கு சொற்கள்! எனினும், அவற்றுள் குடும்பப் பெயர் ஒன்றுமில்லை.

1923இல் குடியரசு மலர்ந்தது. 1924இல் கலீஃபா பதவி ஒழிந்தது. 1926இல் புதிய குடிமைச் சட்டம் வந்தது. 1928இல் அரபு எழுத்து அகன்று இலத்தீன் எழுத்து ஏறிற்று. அந்த வரிசையிலே, 1934 ஜூன் 21ஆம் நாள், குடும்பப் பெயர்ச் சட்டம் நிறைவேறிற்று. துருக்கியர் ஒவ்வொருவரும் இயற்பெயரோடு குடும்பப் பெயரும் தாங்க வேண்டும். பதவியையோ, குலத்தையோ, அயலினத்தையோ குறிக்கும் சொல் குடும்பப் பெயராதல் கூடாது. நகைப்புக்கு இடமானதும் கூடாது என்றது சட்டம்.

நவம்பர் 24ஆம் நாள், நாட்டின் தலைவருக்கு 'அத்தாதுர்க்' என்ற பெயரைச் சட்டமன்றம் தனிச் சட்டத்தால் வழங்கிற்று. 'அத்தா' என்றால் தந்தை, முன்னோன். 'துர்க்' என்றால் துருக்கியன். துருக்கியரின் தந்தை என்று உலகம் அதற்குப் பொருள் கொண்டது. நம் இசுலாமியத் தோழர் இல்லங்களிலே தந்தையை 'அத்தா' என்றழைப்பதையும், பழந்தமிழிலே 'அத்தன்' தந்தையைக் குறிப்பதையும் அறிந்த நம் செவிக்கு, அந்தச் சொல் அயலாகத் தோன்றாது. ஒலி ஒத்திருப்பது கொண்டு உறவு பேசுதல் ஆராய்ச்சியாகாது. ஆதலின் அம்மட்டில் நிற்போம்.

நவம்பர் 26ஆம் நாள், பாட்சா, பே, எஃபெந்தி, ஆகா, ஹாஜி, முல்லா முதலிய பட்டங்கள் ஒழிக்கப்பட்டன. சட்டத்தின் முன்னும் அரசு ஆவணங்களிலும் ஆணும் பெண்ணும் வெறும் பெயராலேயே குறிக்கப்படுவர் என்று விதிக்கப்பட்டது. டிசம்பர் 5ஆம் நாள், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் பெண்கள் உரிமை பெற்றனர். டிசம்பர் 17ஆம் நாள் மற்றொரு சட்டம்: அத்தாதுர்க் என்ற பெயர் அவர் ஒருவருக்கே உரியது, பிறர் எவரும் அதை இயற்பெயராகவோ குடும்பப் பெயராகவோ கொள்ளலாகாது, முன்னும் பின்னும் வேறு சொல் ஒட்டியும் வைத்துக்கொள்ளலாகாது!

உடன்பிறந்த தங்கை மக்பூலேயும் அதைத் தாங்கவில்லை. 'அத்தாவினின்று வந்தவர்' எனப் பொருள்படும் 'அத்தாதான்' என்பதே அவர் பெற்ற பெயர். வளர்ப்பு மகள் சபிஹாவுக்குக் கிடைத்ததோ, வானத்தைச் சார்ந்தது எனப் பொருள்படும் 'கோக்சென்'. பெயர் வந்த பின்னர்தான் அந்த நங்கை வானூர்தி செலுத்தக் கற்றார்! தோழர் இஸ்மத்துக்கு, அவர் 1921இல் போரிட்டு வென்ற களத்தின் பெயரே 'இனோனு' என்று அமைந்தது. கமாலுக்குத் தம் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. 1938 நவம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தபோது, நான்கு ஆண்டுகூட நிரம்பாத அந்தக் குடும்பப் பெயரைத் தாங்க உயிருள்ள ஒருவரும் இல்லாமற் போயினர். யூப்ரடீஸ் ஆற்றின் பேரணையிலும், தெருக்களிலும், சதுக்கங்களிலும் அந்தப் பெயர் வாழ்கிறது. எந்த வீட்டிலும் வாழவில்லை.

வீடுதோறும் வாழ்கிற பெயர்கள் வேறு. 1935ஆம் ஆண்டுக் கணக்குப்படி துருக்கியின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 61 இலட்சம். அத்துணைப் பேருக்கும் பெயர் வேண்டுமே! பெயர்ப் பட்டியல்கள் அச்சாயின. அஞ்சாதவன் எனப் பொருள்படும் யில்மாஸ், பாறை எனப் பொருள்படும் கயா, இரும்பைக் குறிக்கும் தெமிர், எஃகைக் குறிக்கும் செலிக் முதலியவை பல்கிப் பெருகின. உழவனும் அஞ்சாதவன் ஆனான். கூலியாளும் எஃகு ஆனான். பரம்பரைப் பெருமை பேசாத பெயர்கள் இவை. எவரும் எடுத்துக்கொள்ளலாம், எவர்க்கும் தடையில்லை. மிக அரிதான பெயரும் மிக மலிந்த பெயர்களும் ஒரே சட்டத்தின் வயிற்றிலே பிறந்தன என்பது எண்ணி மகிழத்தக்கதே.

ஆயின், மகிழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் நாம் வரலாறு கூறினோம் ஆகமாட்டோம். துதி பாடினோம் ஆவோம். துருக்கிய மொழிச் சொல்லே குடும்பப் பெயராக வேண்டும் என்றபோது, குர்து மக்களின் குலப் பெயர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆர்மீனியரின் 'யான்', கிரேக்கரின் 'புலோஸ்' முதலிய ஈறுகளைப் புதுப் பெயரில் சேர்க்கலாகாது என்றும் விதி வகுத்தனர். ஒரு கையால் உயர்ந்தோனின் பட்டத்தைப் பறித்த சட்டம், மறு கையால் சிறுபான்மையோனின் முன்னோர் பெயரையும் பறித்தது. பெயரைத் தெரிந்தெடுக்கும் கடமையும் உரிமையும் கணவனுக்கே என்று எழுதி, வாக்குரிமை பெற்ற பெண்ணைப் பெயருரிமையில்லாதவள் ஆக்கிற்று. மனைவி கணவனின் குடும்பப் பெயரைத் தாங்கியே தீரவேண்டும் என்ற குடிமைச் சட்ட விதியை, அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் நீக்கித் தீர்ப்பளித்தது 2023இல்தான்! சட்டம் வென்ற இடத்திலும் முற்றாக வெல்லவில்லை. தாளிலே ஒழிந்த 'பே' என்ற சொல், மரியாதைச் சொல்லாக அம்மக்களின் வாய்ப்பேச்சிலே இன்றும் வழங்குகிறது.

துருக்கியில் இச்சட்டம் பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்னர், 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டிலே முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிற்று. சாதியைக் காட்டும் பட்டங்களைப் பெயரினின்று விட்டுவிடுமாறு அம்மாநாடு மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆணையிடவில்லை, கேட்டுக்கொண்டது! மாநாட்டின் கையிலே காவலர் இல்லை, அரசிதழ் இல்லை, தண்டனை இல்லை. பட்டத்தைத் துறந்தவன் தானே துறந்தான். பக்கத்து வீட்டான் நகைத்தபோதும், பங்காளி பகைத்தபோதும் துறந்தான். அதனால்தான் தமிழகத்துப் பொதுவாழ்விலே, பெயரின் பின்னே சாதிவால் தொங்குவது இன்று அரிதாயிற்று. அங்கே அரசு பெயரைத் தந்தது. இங்கே மனிதன் பட்டத்தை விட்டான். இரண்டிலும் அரியது எதுவென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

எனினும், நம் முதுகை நாமே தட்டிக்கொள்ளும் வேளை இதுவன்று. துருக்கியில் பட்டம் தாளைவிட்டு நீங்கியும் நாவைவிட்டு நீங்கவில்லை. நம் நாட்டிலோ சாதி, பெயரைவிட்டு நீங்கியும் தெருவைவிட்டு நீங்கவில்லை, சுடுகாட்டைவிட்டு நீங்கவில்லை, மணப்பந்தலைவிட்டு நீங்கவில்லை. வாலை வெட்டினோம், வேர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி பிறக்கிறதே, அது எதற்காக என்பதை நாம் அறியோமா?

அந்தக் கேள்வி நம் நாவில் எழும்போதெல்லாம் அதை விழுங்கிவிடப் பழகுவோம். செங்கற்பட்டு நம்மிடம் கேட்டுக்கொண்டதிலே மீதமிருப்பது அதுதான்.