லிட்டர் கணக்கில் வராத பெண்கள்

கல்வராயன் மலையைப் பற்றி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் பல ஆண்டுகளாக ஒரே வகைச் செய்திதான் அதிகம் வருகிறது. இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு, இத்தனை பேரல் பறிமுதல், தப்பியோடியவருக்குப் போலீசார் வலைவீச்சு. கூடவே ஒரு படம்: ஓடைக்கரை, கவிழ்ந்து கிடக்கும் பேரல், பக்கத்தில் சீருடை அணிந்தவர்கள். இதை எழுத யாரும் மலையேற வேண்டியதில்லை. காவல்துறையின் செய்திக்குறிப்பு போதும்.

இந்தச் செய்திகளை நான் வரலாற்று ஆவணங்களாகப் படிக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த இந்த மலை, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. பட்டாவும் பள்ளிப் பதிவேடும் தாமதமாக வந்த இடத்தில், மலையாளி பழங்குடி மக்களைப் பற்றி அடிக்கடி எழுதியது காவல் நிலையம்தான். அந்த எழுத்தில் லிட்டர் இருக்கிறது. சாராயம் மலையிறங்கி எந்தத் தெருவில் விற்றது, யார் கண்டும் காணாமல் இருந்தார்கள், குடித்தவர் வீட்டில் அன்றைக்கு உலை வைத்தார்களா என்பது இல்லை.

காவல்துறை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது பத்திரிகைத் தொழிலின் பிரச்சினை மட்டும் அல்ல. வெளியே வரக் கூடாதது கசிவதும், வெளியே வர வேண்டியது அடங்கிப்போவதும் பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விடிகின்றன.

மலைத்தொடரின் மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. ஆனால் அரசின் ஏட்டில் இவர்கள் முதலில் எப்படிப் பதிவானார்கள்? சந்தன மரக் கடத்தல் வழக்கின் குற்றவாளிகளாக. சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்தான். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையைச் சிபிஐயிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஏட்டில் ‘கடத்தல்காரி’ என்று எழுதப்பட்ட ஒருத்தி ‘பாதிக்கப்பட்டவள்’ என்று மாற 19 ஆண்டுகள் ஆயின. முதலில் எழுதுகிறவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டுமா?

வாச்சாத்தியில் பெண்களின் குரல் வெளியே வரவிடாமல் அடைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, கைப்பேசிக் காலத்தில், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நடந்தது வேறு மாதிரி. 2022 ஜூலை 13 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில், ஒரு தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இறந்து கிடந்தாள். பெற்றோர் சந்தேகம் எழுப்பினார்கள். அவர்களுக்கு நம்பிக்கை தரும்படியான விளக்கம் கிடைக்காத அந்த நாட்களில் வதந்திகள் ஓடின. நான்காம் நாள், ஜூலை 17 அன்று, பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்ட உயர் நீதிமன்றம், ஊடகங்களில் நடந்த இணை விசாரணையையும் கண்டித்தது.

அந்த மாணவியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அன்றைக்குத் தமிழ்நாட்டில் அந்தப் பெயர் தெரியாதவர் குறைவு. குற்றத்துக்கு ஆளான சிறாரின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. இருந்தும் அவள் முகம் சுவரொட்டியிலும் திரையிலும் வந்தது. அவள் உடலில் இருந்த காயங்களைப் பற்றி முன்பின் தெரியாத ஆண்கள் யூடியூபில் வாதாடினார்கள். அதிகாரிகள் பொறுப்போடும் நேரத்தோடும் பேசாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. அதை நிரப்ப வருகிற பேச்சு, பெண் உடலைத்தான் முதலில் கையில் எடுக்கிறது.

கசிவு காவல்துறையின் ஆவணத்திலிருந்தே நேர்வதும் உண்டு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் உரிமைக்கு அது நல்ல ஏற்பாடு. பாலியல் குற்ற வழக்குகளுக்கு அதில் விலக்கும் உண்டு. ஆனாலும் 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தாக்கப்பட்ட மாணவியின் விவரங்கள் அடங்கிய அறிக்கை வெளியே பரவியது. உயர் நீதிமன்றம் பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அறிக்கை எழுதப்பட்ட மொழியே அவளைக் குறை சொல்வதாக இருந்ததையும் சுட்டிக்காட்டியது. புகார் கொடுக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த எத்தனை பெண்கள் அந்த வாரம் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்பதற்கு எந்த ஏட்டிலும் கணக்கு இருக்காது.

இனி, மறைக்கப்பட்டதன் விலை. 2024 ஜூன் 18 அன்று கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் மறுநாள் அடுத்தடுத்து இறந்தார்கள். அது மலையில் காய்ச்சிய ஊறல் அல்ல. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் கலந்த விஷம். மெத்தனால் உடனே கொல்வதில்லை. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறச் சில மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் கண் மங்கும், மூச்சு திணறும். அந்த இடைவெளியில் மருத்துவமனைக்குப் போனால் பிழைக்க வழியுண்டு. ‘அந்தச் சாராயத்தைக் குடித்தவர்கள் உடனே வாருங்கள்’ என்ற அறிவிப்பே அங்கே ஒரு மருந்து. ஆனால் முதலில் நிர்வாகத் தரப்பிலிருந்து வந்த பேச்சு, சாவுக்குக் காரணம் சாராயம் அல்ல என்பதாக இருந்தது. அன்றே ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இறந்தவர்கள் அறுபதைத் தாண்டினார்கள். பெண்களும் ஒரு திருநங்கையும் அதில் அடக்கம். நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐக்கு மாற்றியது.

அத்தனை ஆண்டுகள் லிட்டர் கணக்கு வந்துகொண்டிருந்ததே, அது யாரைக் காப்பாற்றியது? கருணாபுரம் பெண்களுக்குத் தங்கள் தெருவில் சாராயம் விற்பது தெரியும். வீட்டுக் காசு எங்கே போகிறது என்பது எந்த உளவுப் பிரிவையும்விட மனைவிமாருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் செய்திக்குறிப்பு காவல் நிலையத்திலிருந்து வெளியே போகிற ஒருவழிப் பாதை. பெண்கள் சொல்வது அதில் உள்ளே வர வழியில்லை. சாவுகளுக்குப் பிறகுதான், 2024 ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்து உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. ரேஷன் அட்டையும் சாலையும் மருத்துவ வசதியும் அப்போதுதான் மலையைப் பற்றிய கேள்விகளாயின.

காவல்துறை ஊடகங்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு விரிவான கையேடு தயாரிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. அத்தகைய கையேட்டில் பெண்கள் தேட வேண்டியவை எளியவை. பாதிக்கப்பட்டவரின் பெயரும் ஊரும் உறவும் வெளியே வரக் கூடாது. வந்தால், கசியவிட்டவர் பதில் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் காரணம் உறுதியாகும்வரை காத்திராமல் எச்சரிக்கை வர வேண்டும். பறிமுதல் கணக்கோடு, பெண்கள் கொடுத்த புகார்கள் எத்தனை, அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்பதும் வர வேண்டும். புகார் காவலர் மீதே என்றால், அதைப் பற்றிப் பேசுகிறவர் அதே நிலையத்து அதிகாரியாக இருக்கக் கூடாது.

கரியாலூரிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ அடுத்த செய்திக்குறிப்பு வரும். அதைப் படிக்கும் மாணவிகள், அது தரும் எண்களோடு அது தராத எண்களையும் கேட்க வேண்டும். வாச்சாத்திப் பெண்கள் கேட்டார்கள். அதனால்தான் 1992இல் எழுதப்பட்டது கடைசி வரியாக நிற்கவில்லை.